சிக்காகோவில் மூடிய பட்டறை, கோண்டாவிலில் ஒரு மாண்டலின்

தந்தியும் தச்சும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மகளுக்குப் பதின்மூன்று வயது. நான்கு வருடமாக வயலின் படிக்கிறாள், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையும் எடுக்கிறாள். இப்போது மாண்டலின் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கோண்டாவிலில் ஒரு வீட்டில் பழைய மாண்டலின் ஒன்று விலைக்கு இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் கப்பலில் வேலை செய்த காலத்தில் வாங்கி வந்ததாம். தலைப்பக்கத்தில் 'ஹார்மனி' என்று பெயர். தந்தி ஒன்றும் இல்லை. உறைக்குள் இரண்டு சின்னச் சில்லு வைத்த ஒரு மரத்துண்டு கிடக்கிறது, அது என்னவென்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. 85,000 ரூபாய் சொல்கிறார்கள். அந்தக் கம்பனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது என்கிறார் என் மைத்துனர். ஆளில்லாத கம்பனியின் பொருளை வாங்கலாமா? நாளைக்குப் பழுதானால் யாரிடம் போவது?
(கோப்பாயிலிருந்து ஒரு தகப்பன்)

பதில்: மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த வீட்டுக்கு ஒரு போன் எடுத்து, அந்த மரத்துண்டை எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுதான் குதிரை. தந்திகள் ஏறி நிற்கிற குதிரை. கிட்டாரில் அதை ஒட்டியிருப்பார்கள். மாண்டலினில் வயலினைப்போலத்தான், ஒட்டுவதில்லை. தந்தி அழுத்துகிற அழுத்தத்தில் சும்மா நிற்கும். தந்தியைக் கழற்றினால் குதிரை கீழே விழுந்துவிடும். அந்தச் சில்லு இரண்டும் தந்தியை உயர்த்தவும் இறக்கவும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேரப்பிள்ளை அதைக் கார் என்று நினைத்து முற்றத்தில் ஓட்டித் திரிந்தான். கண்டெடுத்தபோது ஒரு சில்லுத்தான் மிச்சம்.

குதிரை இருக்கிறது என்றால் பாதிப் பிரச்சினை இல்லை. சரி, இனிக் கம்பனி.

உங்கள் மைத்துனர் சொன்னது சரி. ஹார்மனி 1892இல் சிக்காகோவில் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறிய வில்ஹெல்ம் ஷூல்ட்ஸ் என்பவர் தொடங்கியது. 1916இல் சியர்ஸ் என்ற பெரிய தபால் வியாபார நிறுவனம் அதை வாங்கியது. மனிதர்கள் விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்து, காசு அனுப்பி, வீட்டு வாசலில் வாத்தியத்தை இறக்கிக்கொண்ட காலம் அது. கிட்டார், மாண்டலின், உக்குலேலே என்று கணக்கில்லாமல் செய்து தள்ளினார்கள். 1975இல் கதவைப் பூட்டினார்கள். பட்டறை போனாலும் பெயர் போகவில்லை. பெயரை வேறு ஆட்கள் வாங்கி, வேறு நாடுகளில் செய்த வாத்தியங்களுக்கும் ஒட்டினார்கள். ஆகவே தலையில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து நம்பவேண்டாம். சத்தத்துளைக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். பழைய சிக்காகோ ஹார்மனிகள் பலவற்றில் உள்ளே மையால் குத்திய முத்திரை இருக்கும்: எஃப் அல்லது எஸ் என்ற ஆங்கில எழுத்து, பக்கத்தில் இரண்டு இலக்கம். இலக்கம் 62 என்றால் 1962. மை மங்கியிருக்கும், அவசரப்படாமல் பார்க்கவேண்டும். நான் பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன், துளைக்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அந்தக் கண்ணாடி வந்த பிறகு என்னிடம் பொய் சொல்லி வாத்தியம் விற்றவர்கள் குறைவு.

"பழுதானால் யாரிடம் போவது" என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி திறந்திருந்த காலம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. கொழும்பில் ஒரு கடையில் புத்தம்புது மாண்டலின், கண்ணாடி அலுமாரிக்குள் மினுங்கிக்கொண்டு நின்றது. உத்தரவாத அட்டையும் தந்தார்கள், சீல் வைத்த அட்டை. ஓமந்தை, முகமாலைச் சோதனைச்சாவடிகளில் பெட்டியைத் திறந்து காட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். புரட்டாதி வரை நல்லாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கி வாடை அடிக்க, கழுத்து வளைந்துவிட்டது. ஏழாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) தந்திக்கும் பலகைக்கும் இடையில் என் சுண்டுவிரல் நுனி போகும். அட்டையில் இருந்த நம்பருக்குக் கதைத்தேன். "கொண்டு வாங்கோ பார்ப்பம்" என்றார்கள். கொண்டு போகிற செலவு, நிற்கிற செலவு, மறுபடி திரும்பிவரும் செலவு! அட்டை இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது. கழுத்தை நிமிர்த்தித் தந்தவர் சுன்னாகத்தில் கதவு, ஜன்னல் செய்கிற ஒரு ஓடாவியார். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவர் செய்தார்.

ஆகவே தம்பி, உயிரோடு இருக்கிற கம்பனியும் கோப்பாய்க்கு வரப்போவதில்லை. ஐம்பது, அறுபது வருடப் பழைய வாத்தியம் என்றால் அது வளைய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே வளைந்து முடிந்திருக்கும். புதிதில் நாளைக்கு என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டும். பழையதில் நடந்தது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தால் போதும்.

கம்பனி இல்லாததால் வருகிற உண்மையான தொல்லை ஒன்றே ஒன்று, உதிரிப்பாகம். அதிலும் தந்தி முறுக்குகிற கீ. மாண்டலினில் ஒரு பக்கத்துக்கு நான்கு கீ ஒரே தகட்டில் வரும். இப்போது விற்கிற தகடுகளில் ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் இடையில் 23 மில்லிமீற்றர். பழைய வாத்தியங்களில் அது கூடக்குறைய இருக்கலாம். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் என்றாலும் மூன்று இடைவெளிக்கு மூன்று மில்லிமீற்றர். புதுத் தகடு ஓட்டையில் இறங்காது. பிறகு தலையில் பழைய ஓட்டையை அடைத்து, புதிதாகத் துளைத்து... வேண்டாத வேலை. எட்டுக் கீயையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பயமில்லை, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் இளகும். பல் தேய்ந்து, முறுக்க முறுக்க வழுக்கினால் அதை விலையில் பேசவேண்டும்.

போகும்போது ஒரு வெள்ளைத் தாள், ஒரு இரும்பு அடிமட்டம், போன் ரோர்ச், ஒரு செற் தந்தி கொண்டு போங்கள்.

வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, மாண்டலினை அதற்கு மேலே பிடித்து, முதுகில் விரல்மொழியால் தட்டுங்கள். மா மாதிரித் தூள் கொட்டினால் உளு. உளுத்த மரத்தை நான் இனாமாகவும் வாங்கமாட்டேன். வீட்டில் இருக்கிற மற்ற வாத்தியங்களுக்கும் அது போகும். தட்டும்போது சத்தத்தையும் கவனியுங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி 'டொக்' என்றால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் ஓட்டைப் பானை மாதிரிக் கரகரத்தால், உள்ளே தாங்குசட்டம் ஒன்று விட்டிருக்கிறது. சட்டம் விடுவது பெரிய குற்றமில்லை. பழைய வாத்தியங்களில் பெரும்பாலும் மிருகத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய பசைதான்; சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், திரும்ப ஒட்டலாம். ஆனால் யாரோ ஒரு கெட்டிக்காரர் அரல்டைட் பசை குழைத்து அப்பியிருந்தால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதைப் பிரிக்கப் போனால் பசை வராது, மரம்தான் கிழிந்து வரும்.

அடுத்தது கழுத்து. அடிமட்டத்தை ஃப்ரெட்டுகளின் மேல் நீளவாக்கில் வையுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தந்தி இல்லாத கழுத்து நேராக இருந்தாக வேண்டும். தந்தி ஏற்றியபின் கொஞ்சம் முன்னுக்கு வளையும், அது இயல்பு. தந்தி இல்லாமலே முன்பக்கம் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றால், ஏற்றிய பிறகு காலில் விழுந்துவிடும். பழைய ஹார்மனிகள் பலவற்றில் கழுத்துக்குள் இரும்பு வைத்திருப்பார்கள், ஆனால் திருகி நேராக்குகிற வகை இல்லை. வளைந்தது வளைந்ததுதான்.

பிறகு மேற்பலகை. குதிரை நின்ற இடத்தில் வார்னிஷில் இரண்டு பாதத் தடம் தெரியும். அந்த இடத்தில் குறுக்கே அடிமட்டத்தை வையுங்கள். பலகை கொஞ்சம் மேடாக இருக்கவேண்டும். பள்ளம் என்றால் பலகை இறங்கிவிட்டது. அந்தத் தடம் இன்னொன்றையும் சொல்லும். தலைப்பக்க நட்டிலிருந்து (தந்திகள் தங்கிப் போகிற குறுக்குக் கட்டை) பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எவ்வளவு தூரமோ, அங்கிருந்து குதிரைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் இருக்கவேண்டும், ஒரு மயிரிழை கூடுதலாக. சாதாரண மாண்டலினில் இது பதினேழரைச் சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். தடம் வேறெங்கோ இருந்தால், முன்னர் வாசித்தவர் சுருதி சேராமலே காலத்தைக் கழித்திருக்கிறார். குதிரை நகரக்கூடியது என்பதால் அது உங்களுக்கு நட்டமில்லை.

கடைசியில் தந்தி ஏற்றிப் பார்க்கவேண்டும், இதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எட்டுத் தந்தியும் சுருதிக்கு வந்தால் சேர்த்து ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ இழுவை. வளர்ந்த ஆம்பிளை ஒருவர் அந்தச் சின்னப் பெட்டியில் தொங்குவது மாதிரி. வருடக்கணக்காகச் சும்மா கிடந்த வாத்தியத்தை ஒரே மூச்சில் முறுக்கக்கூடாது. முதல் நாள் ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்து, ஒரு இரவு விட்டு, அடுத்த நாள் சுருதிக்கு ஏற்றவேண்டும். அதற்கு இரண்டு நாள் வேண்டும். முற்பணம் கொடுத்து, "ரெண்டு நாள் வைச்சுப் பார்த்திட்டுச் சொல்லுறன்" என்று கேளுங்கள். கோண்டாவிலில் இருந்து கோப்பாய் என்ன தூரம்? தெரிந்த மனிதர்கள் மறுக்கமாட்டார்கள். மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

விலை. 85,000 அதிகம். "கம்பனி மூடிவிட்டது, இனிக் கிடைக்காது" என்று அவர்கள் சொல்லக்கூடும். ஹார்மனி அபூர்வமான பொருளே இல்லை. அமெரிக்காவில் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தோட்டக்காரரும் வாங்கிய மலிவு வாத்தியம். பல மாடல்களில் பலகையைச் செதுக்கவும் இல்லை, அழுத்தி வளைத்திருப்பார்கள்; வரிவரியாகத் தெரிகிற மரக்கோடும் சிலவற்றில் தூரிகையால் கீறியதுதான். அதற்காகக் குறைவாக நினைக்கவேண்டாம். இதைவிட மோசமான வாத்தியங்களை வைத்துக்கொண்டு நாங்கள் எழுபதுகளில் திருவிழா மேடைகளில் விடிய விடிய வாசித்திருக்கிறோம். தந்தியில்லாத வாத்தியம் சத்தம் கேட்காத வாத்தியம், சத்தம் கேட்காத பொருளுக்கு முழு விலை கொடுக்க ஏலாது. நான் என்றால் 50,000இல் தொடங்கி, எல்லாம் சரியாக இருந்தால் 60,000இல் நிற்பேன். ஃப்ரெட் தேய்த்து, நட் சரிசெய்து எடுக்க இன்னும் கொஞ்சம் போகும்.

மகளைப் பற்றி. மாண்டலினின் எட்டுத் தந்தியும் நான்கு சோடி. அவற்றின் வழக்கமான சுருதி மேல்நாட்டு வயலினுடையதேதான்: ஜி, டி, ஏ, இ. உங்கள் மகள் படிப்பது நம்முடைய வயலின், ச-ப-ச-ப. அவள் கை அதற்குப் பழகியிருக்கும். ஏ தந்தியை ஜிக்கும், இ தந்தியை டிக்கும் இறக்கச் சொல்லுங்கள். ஐந்து கட்டைச் சுருதியில் ச-ப-ச-ப வந்துவிடும். இழுவையும் குறையும், பழைய கழுத்துக்கு நல்லது. கமகம் பிடிக்க ஆசைப்பட்டால் சோடித் தந்தியில் ஒன்றைக் கழற்றி நான்கு தந்தியாக வைத்துப் பார்க்கலாம். இரண்டு தந்தியைச் சேர்த்து இழுத்துச் சுரத்தை வளைக்கிறது பிள்ளையின் விரலுக்குச் சித்திரவதை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்தி வைத்துத்தான் வாசித்தார், முதலில் நான்கு, பிறகு ஐந்து. ஆனால் அவருடையது மின்சார மாண்டலின், சத்தத்துக்குக் குறையில்லை. உங்களுடையதில் ஒற்றைத் தந்தி போட்டால் சத்தம் மெலிந்துவிடும். வீட்டுக்குள் படிக்கப் போதும்.

கேள்வி: எங்கள் அப்பாவின் மாண்டலின் ஊரில் ஒரு பட்டறையில் செய்தது. செய்தவரும் இல்லை, பட்டறையும் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டது. ஒருவர் வாங்கக் கேட்கிறார். மேலே ஒட்டியிருக்கிற பிளாஸ்ரிக் அட்டை பிசுபிசுத்து, பக்கத்துத் தந்தியெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது, ஒரு மாதிரி மணக்கிறது. வார்னிஷ் அடித்துக் கொடுக்கலாமா?
(சாவகச்சேரி வாசகி)

பதில்: தங்கச்சி, வார்னிஷ் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். வாங்குகிறவர் விவரம் தெரிந்தவர் என்றால் புது வார்னிஷைக் கண்டதும் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

அந்த அட்டை பழைய செலுலாய்ட் போலத் தெரிகிறது. அது வயதானால் தானாகவே சிதையும். சிதையும்போது வருகிற ஆவி பக்கத்தில் இருக்கிற உலோகத்தை எல்லாம் அரிக்கும். உங்கள் தந்தி பச்சை பிடித்ததும் அதனால்தான் போலிருக்கிறது. அட்டையைப் பக்குவமாகக் கிளப்பி எடுத்து, வாத்தியத்திலிருந்து தூரத்தில் வையுங்கள். கற்பூர விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், நொடியில் பற்றும். அதை எடுத்த இடத்தில் மரம் வேறு நிறமாக இருக்கும். இருக்கட்டும்.

நம்மூர்ப் பட்டறையில் செய்ததென்றால் உள்ளே பென்சிலால் எழுதிய அளவோ திகதியோ இருக்கலாம், விற்கும் முன் ஒருக்கால் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். நானும் 95இல் ஒரு மாண்டலினைத் தட்டுப்பலகையில் ஏற்றிவிட்டு ஓடியவன்தான். 96இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை. பெட்டி இருந்தது, பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இருந்தது. அதில் கடைசியாக நான் போட்டிருந்த மேல் தந்தி இரண்டும் சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து பிரித்த இழை. வாசித்தால் விரல் வெட்டும். யாழ்ப்பாணத்துக்குள் தந்தி வராத காலத்தில் அதுதான் கிடைத்தது.

விற்பதா வைத்திருப்பதா என்று நான் சொல்ல ஏலாது. விற்பதென்றால், அழுக்கோடு, உள்ளபடியே காட்டி விற்கவும்.

கேள்வி: மாண்டலின் தந்தி இங்கே கிடைப்பது அருமை. கிட்டார் தந்தி போடலாமா?
(பருத்தித்துறை மாணவன்)

பதில்: போடலாம். நானும் பாதிக் காலம் அதைத்தான் போட்டேன், கொழும்பிலிருந்து செற் வரும் என்று காத்திருந்தால் கச்சேரி முடிந்துவிடும். உதிரியாக வாங்குங்கள். தந்தியின் தடிப்பை அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள்: மேல் சோடிக்கு 10, அடுத்ததுக்கு 14, இரண்டும் வெறும் கம்பி. மூன்றாவதுக்கு 24, நாலாவதுக்கு 36, இரண்டும் சுற்றிய கம்பி. ஒவ்வொன்றிலும் இரண்டு வேண்டும், மறக்காமல்.

கிட்டார் தந்தியின் நுனியில் சின்ன பித்தளை உருண்டை இருக்கும். மாண்டலினில் தந்தியின் அடிநுனி மாட்டுகிற வால்தகட்டில் கொக்கிதான், உருண்டை மாட்டாது. உருண்டையைக் கட்டரால் குறுக்கே பிடித்து நெரித்தால் அது சப்பளிந்து கழன்றுவிடும், மிஞ்சுகிற வளையத்தைக் கொக்கியில் மாட்டலாம். கம்பியில் கட்டர் படாமல் பார்த்துக்கொள். நெரிக்கிற நேரத்தில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள், உருண்டை எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல ஏலாது. என்னுடையது ஒன்று பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போய் விழுந்தது.